பிஸ்டலுக்குப் பிடி போட்டேன்

தனக்குக் கைவேலை வராது என்று ஒரு மனிதன் ஒப்புக்கொள்வதற்குக் கொஞ்சம் வயதாக வேண்டியிருக்கிறது. எனக்கு ஆகிவிட்டது. நான் ஆணி அடித்தால் சுவர் பெயர்ந்து வரும், ஆணி அப்படியே இருக்கும். சைக்கிள் செயினை மாட்டப் போனால் வேஷ்டி மாட்டிக்கொள்ளும். இதெல்லாம் இருபத்து மூன்று வயதிலேயே தெரிந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது. கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் யாராவது இந்தக் கதையை ஆரம்பிப்பதும், நான் தலையைக் குனிந்துகொண்டு வெற்றிலையைக் கிள்ளுவதும் இத்தனை வருடம் நடந்திருக்காது. சொல்லிச் சொல்லி இப்போது அதில் போலீஸ்காரர்கள் வேறு வந்துவிட்டார்கள். போன மாதம் கேட்டபோது இரண்டு பேருக்குக் காயம். அன்றைக்குப் போலீஸ் யாரும் வரவில்லை. காயம் எனக்கு மட்டும்தான். எனக்கும் திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது. நடந்ததை நடந்தபடி ஒரு தடவை எழுதி வைத்துவிடுகிறேன்.

யுத்தம் முடிந்த மறு வருடம். அப்போது திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்தது. நான் அரக்கோணம் ஸ்டேஷனில் கூட்ஸ் குமாஸ்தா. குடியிருந்தது திருத்தணியில், என் அக்கா கமலம்மா வீட்டில். தினமும் காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவேன். அக்காவின் புருஷன் முனிரத்தினம், எனக்குப் பாவா. திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வைத்திருந்தார். அதிகம் பேச மாட்டார். பேசினாலும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, மீதியைச் சொல்ல என்ன இருக்கிறது என்பதுபோல நம்மைப் பார்ப்பார்.

பாவாவிடம் ஒரு பிஸ்டல் இருந்தது. சின்னது, உள்ளங்கையில் அடங்கிவிடும். அவருடைய அப்பா காட்டுக் காண்டிராக்ட் எடுத்த நாளில் லைசென்ஸோடு வாங்கியது. பெரியவர் போன பிறகு லைசென்ஸ் பாவா பெயருக்கு மாறியது. அதை அவர் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. தோட்டா வீட்டிலேயே கிடையாது. ஆனால் வருடத்துக்கு ஒரு நாள் அதைத் தாலுகா ஆபீசுக்கு எடுத்துப் போய்க் காட்டி, லைசென்ஸைப் புதுப்பித்து வர வேண்டும். அன்று பாவா சலவை வேஷ்டி கட்டுவார். சந்தனம் வைப்பார். பிஸ்டலைப் பட்டுத் துணியில் சுற்றி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்து போவார். (பின்பக்கச் சந்தில் போனால் பாதி தூரம்தான். போக மாட்டார்.) வருடம் முழுக்க எருவோடும் தண்ணீர்ச் சண்டையோடும் மல்லுக்கட்டுகிற மனிதருக்கு அந்த ஒரு நாள்தான் நிமிர்ந்து நடக்கிற நாள்.

அந்த வருடம் அது ஒரு திங்கட்கிழமை. முந்தின நாள் ஞாயிறு காலையில் பாவா வயலுக்குப் போனதும் அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். முந்தானைக்குள்ளிருந்து பிஸ்டலை எடுத்து நீட்டினாள்.

"சுந்தரம், இத்தக் கொஞ்சம் பாரு."

பிடியின் இரண்டு பக்கமும் கறுப்பாக ஒரு தகடு இருக்கும். இரும்பு கையில் படாமல் இருப்பதற்காக வைத்தது. அதில் ஒரு பக்கத்துத் தகடு பாதிக்கு மேல் உடைந்து போயிருந்தது.

"எப்படிக்கா ஒடைஞ்சிது?"

"வெல்லம் ஒடைச்சேன்."

நான் பிஸ்டலை மறுபடி ஒரு தடவை பார்த்தேன்.

"இத்தாலயா?"

"கல்லு மாதிரி இருந்திச்சு வெல்லம். கொழவியத் தூக்கலாம்னா இடுப்பு புடிச்சிகினு கீது. பீரோவுல துணி எடுக்கறப்ப இது கையில பட்டுது. கைக்கு அடக்கமா இருந்திச்சு. மூணு தட்டு தட்டனேன், வெல்லம் ஒடைஞ்சிது. நாலாவது தட்டுல இது ஒடைஞ்சிது."

(மூன்றோடு நிறுத்தியிருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு.)

"பாவாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா உன்ன எதுக்குக் கூப்டறேன்? நாளைக்குக் காலையில பீரோவத் தொறப்பாரு. அதுக்குள்ள இன்னாவது பண்ணு. ரயில்வேல வேல செய்யறவன்தானே நீ."

ரயில்வேயில் நான் செய்த வேலை மூட்டைகளை எண்ணி ரசீது எழுதுவது. அக்காவுக்கோ ரயில்வே என்றால் எல்லோரும் இஞ்சின் ரிப்பேர் செய்கிறவர்கள். அந்த நம்பிக்கையை நான் ஒருநாளும் திருத்தியதில்லை. உண்மையைச் சொன்னால், "இன்னைக்கு ஒரு இஞ்சின் தகராறு பண்ணிச்சு" என்று சாப்பிடும்போது நானே இரண்டொரு தடவை சொல்லியிருக்கிறேன். இஞ்சின் தகராறு பண்ணியது நிஜம். நான் அதைத் தூரத்திலிருந்து பார்த்ததும் நிஜம்.

கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் செய்கிற ஒரு பாய் இருந்தார். அவரிடம் கொடுத்திருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும். ஆனால் லைசென்ஸ் இல்லாதவன் பிஸ்டலை எடுத்துக்கொண்டு தெருவில் போகக் கூடாது. அதைவிட, இது என்ன பிரமாதம் என்று அக்காவிடம் நான் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தேன்.

உடைந்த தகட்டைக் கழற்றினேன். ஒரே ஒரு திருகாணிதான். அது சுலபமாக வந்தது. அந்த நாளில் எனக்குச் சுலபமாக நடந்த காரியம் அது ஒன்றுதான். புதுத் தகட்டுக்கு மரம் வேண்டும் என்றேன். அக்கா பரணிலிருந்து ஓரம் பிளந்துபோன பல்லாங்குழி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதன் மூலையை அறுத்து, பேனாக்கத்தியால் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். முதலில் செதுக்கியது மீன் மாதிரி வந்தது. இரண்டாவது, செருப்பு மாதிரி. மூன்றாவது ஓரளவு பிஸ்டல் பிடியின் தகடு மாதிரி இருந்தது. நிஜத் தகட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை ஒன்றும் தெரியாது. விளக்குக் கரியைக் குழைத்துப் பூசிக் கறுப்பாக்கினேன். இதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. இரண்டு விரலில் துணிக் கட்டு.

திருகாணி போக ஒரு துளை வேண்டும். போட்டேன். துளை ஓர் இடத்தில், திருகாணி போக வேண்டியது வேறோர் இடத்தில். இன்னொரு துளை போட்டால் தகடு பிளந்துவிடும் என்று தோன்றியது. சரி, ஒட்டிவிடலாம் என்று பின்தெரு ஆசாரியிடம் போய் மரம் ஒட்டுகிற வஜ்ஜிரம் கேட்டேன். அவர் ஒரு கட்டியை எடுத்து, வெந்நீரில் வைத்த டப்பாவில் போட்டு உருக்கினார். ஊர் முழுக்க நாற்றம். கொட்டாங்கச்சியில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "இன்னாத்துக்கு?" என்றார்.

"நாற்காலி."

"ஆறதுக்குள்ள ஒட்டிட்டு, நல்லா இறுக்கிக் கட்டி வெச்சிடு. ஒரு பொழுது தொடாத."

ஒரு நாற்காலிக்குக் கொஞ்சம் போதும் என்றால் ஒரு பிஸ்டலுக்கு நிறையப் போட்டால் ஆயுசுக்கும் வராது என்று நான் கணக்குப் போட்டேன். கொட்டாங்கச்சியில் இருந்ததை முழுக்க வழித்துப் பூசினேன். கயிற்றால் கட்டினால் நான் பூசிய கரியில் தடம் விழும். அதனால் கட்டவில்லை. கயிறு எதற்கு, கைதான் இருக்கிறதே. பிடியை வலது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். நல்ல வெயில் காலம். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. வாரம் ஆறு நாளும் விடியற்காலையில் எழுந்து ரயிலைப் பிடிக்கிற உடம்பு.

தூங்கிவிட்டேன்.

விழித்தபோது கை திறக்கவில்லை. தகட்டின் ஓரங்களில் வழிந்த வஜ்ஜிரம் விரல் இடுக்குகளில் ஓடி, கரியோடு சேர்ந்து இறுகிப்போயிருந்தது. இழுத்தால் உள்ளங்கைத் தோலும் கூடவே வந்தது. அக்காவைக் கூப்பிட்டேன்.

"ஒதறு" என்றாள்.

உதறினேன்.

"என் பக்கம் ஒதறாத."

நல்லெண்ணெய் ஊற்றினாள். ஒன்றும் ஆகவில்லை. விளக்கெண்ணெய் ஊற்றினாள். கை முழுக்க வழுக்கியது, ஒட்டிய இடத்தைத் தவிர. சுண்ணாம்பு தடவினால் போகும் என்று அவளுக்கு யாரோ சொன்ன ஞாபகம். தடவினாள். எரிந்தது. இப்படியே ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. அக்காவுக்கு அழுகை வந்தது. எனக்கு அதற்குக்கூடத் தெம்பில்லை. காலையிலிருந்து செதுக்கிச் செதுக்கித் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. பாவா வந்தால் வரட்டும், இப்படியே கையை நீட்டி விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது வாசலில் குரல் கேட்டது. "முனிரத்தினம் வூடு இதானுங்களா?"

அக்கா எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "ஹெட் குமாஸ்தாடா" என்றாள்.

தாலுகா ஆபீஸ் ஹெட் குமாஸ்தா வேதாசலம். லைசென்ஸ் காகிதமெல்லாம் அவர் மேஜை வழியாகத்தான் போகும். அது மட்டுமில்லை. அவருடைய மூன்றாவது பெண்ணை எனக்குக் கேட்டிருந்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை நாங்கள் பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. அவர் அதுவரை என்னைப் பார்த்ததில்லை.

அக்கா கொடியிலிருந்து ஒரு துண்டை இழுத்து என் வலது கையின்மேல் போட்டாள். அவர் உள்ளே வந்துவிட்டார். மெலிந்த மனிதர், நெற்றி நிறைய விபூதி, இரண்டு முட்டியையும் கையால் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மலைக்குப் போய்ட்டு வர்றேன்மா. ஏறினது தெரியல. எறங்கினதுதான் முட்டியப் போட்டுடுச்சு. வழியில வூடு இருக்குதே, பையனப் பாத்துட்டுப் போவலாமேன்னு வந்தேன்." என்னைப் பார்த்தார். "கையில இன்னா தம்பி?"

"சுளுக்கு சார்."

"எந்தக் கை?"

"வலது."

"குமாஸ்தாவுக்கு அதான் மொதலு" என்றார் வருத்தமாக. பையிலிருந்து ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்தார். "தப்பா நெனைக்காத. மூஞ்சியப் பாத்து எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல. எழுத்தப் பாத்தா கொஞ்சம் தெரியும். முப்பது வருசமா அத்தத்தானே பாத்துகினு கீறேன். ரெண்டு வரி எழுதிக் காட்டு, முடியறபடி."

இடது கையால் என் பெயரையும் ஊரையும் எழுதினேன். சுந்தரம் என்பதில் 'சு' ஒரு வரியில் நின்றது, 'ந்தரம்' அடுத்த வரிக்குச் சரிந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

"சாமி விபூதி. வாங்கிக்க."

விபூதி என்றதும் கை தானாக நீண்டது. சின்ன வயதிலிருந்து பழகிய கை, வலது கை. துண்டு நழுவிக் கீழே விழுந்தது. எண்ணெயும் சுண்ணாம்பும் கரியுமாக என் கை அவர் முன்னால் நீண்டிருந்தது. அதில் பிஸ்டல். குழாய் அவர் வயிற்றைப் பார்த்தபடி இருந்தது.

அவர் கத்தவில்லை. நாற்காலியோடு ஒரு சாண் பின்னால் நகர்ந்தார்.

"தம்பி, விபூதிதான் குடுத்தேன்" என்றார்.

"குண்டு இல்ல சார்."

"கீழ வை."

"வைக்க முடியல சார்."

"ஏன்?"

"ஒட்டிகிச்சு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் திறக்கவில்லை. "இன்னைக்கு ஞாயித்துக்கெழம" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு ஆபீஸ் குரலில் கேட்டார்: "லைசென்ஸு யார் பேருல?"

"பாவா பேருல."

"அவரு எங்க?"

"கரும்புக்குப் போயிருக்கிறாரு."

"அப்ப இது உன் கையில இருக்கறது சட்டப்படி தப்பு. தெரியுமா?"

"தெரியும் சார். நான் வுட்டுட்டேன். அதுதான் வுட மாட்டேங்குது."

"வெச்சிகினு இருக்கறது வேற, ஒட்டிகினு இருக்கறது வேறன்னு ஆக்டுல எங்கியும் இல்ல. ரிப்போர்ட்டு எழுதணும். தெலுங்குல எழுதணும். ஒட்டிகிச்சுங்கறத அத்துக்குந்தின்னு எழுதி சித்தூருக்கு அனுப்பினா அங்க என்னப் பத்தி இன்னா நெனைப்பான்." பெருமூச்சு விட்டார்.

"பிடி ஒடைஞ்சிடுச்சு சார். அத்த ஒட்டப் போய்..."

"எப்படி ஒடைஞ்சிது?"

அக்கா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய வளையல் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"நான்தான் சார் கீழ போட்டுட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கதவு திறந்தது.

"அவன் போடலீங்க. நான்தான் அத்தால வெல்லம் ஒடைச்சேன்" என்றாள் அக்கா.

வேதாசலம் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை முருகனைப் பார்க்கப் போனதோடு வீட்டுக்குப் போயிருக்கலாமே என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது.

"இன்னா பசை?"

"வஜ்ஜிரம் சார்."

"வஜ்ஜிரமா? அப்ப வெந்நீர் போடும்மா. சூட்டுல உருகறதுதானே. உருக்கித்தானே தம்பி ஊத்தினே?"

ஆசாரி வெந்நீரில் வைத்து உருக்கியதை நான் என் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒரு மணி நேரம் எண்ணெயும் சுண்ணாம்பும் தடவினேன். இதை இங்கே எழுதும்போதுகூடப் பேனா நகரவில்லை.

அக்கா பித்தளைக் குண்டானில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். பிஸ்டலோடு கையை உள்ளே விட்டேன். வேதாசலம் நாற்காலியை விட்டு இறங்கி எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். தன் முட்டிக்கும் கொஞ்சம் வெந்நீர் கேட்டு, அதில் துண்டை நனைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டார். தண்ணீர் ஆற ஆற அக்கா மாற்றினாள். மூன்றாவது குண்டானில் சுண்டுவிரல் விட்டது. நாலாவதில் மோதிரவிரல்.

அந்த நேரத்தில்தான் பாவா வந்தார். காலெல்லாம் சேறு, தோளில் மண்வெட்டி. வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கூடத்து நடுவில் தாலுகா ஆபீஸ் ஹெட் குமாஸ்தா வேஷ்டியை முட்டிக்கு மேல் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே மைத்துனன் குண்டானுக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கிறான். பாவா பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை கழன்றது. பிஸ்டல் 'டொங்' என்று அடியில் போய் உட்கார்ந்தது. பல்லாங்குழித் துண்டு மட்டும் மேலே மிதந்து வந்து, குண்டானில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது.

"இன்னா இது?" என்றார் பாவா.

"இன்ஸ்பெக்சன்" என்றார் வேதாசலம். "ஆயுதம் இருக்குது. பாத்துட்டேன். நாளைக்கு நீ அலைய வேணாம் முனிரத்தினம். நானே பதிஞ்சிக்கறேன்."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பாவாவின் முகத்தை நான் பார்த்தேன். மண்வெட்டியை இறக்கி ஓரமாகச் சாத்தினார்.

"வர்றேன் சார்" என்றார். "வருசத்துல ஒரு நாளு. அதுக்கு..." என்று வழக்கம்போல நிறுத்திக்கொண்டார். வேதாசலத்துக்குப் புரிந்துவிட்டது. "ஆங், வா வா. நேர்ல வர்றதுதான் சட்டம்" என்றார்.

பிறகு பாவா குண்டானுக்குள் கையை விட்டுப் பிஸ்டலை எடுத்தார். வெறும் இரும்பாக இருந்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். முழுக்கக் கேட்டார்.

"வெல்லம் ஒடைஞ்சிதா?"

"ஒடைஞ்சிது."

"இத்தினி வருசத்துல அது செஞ்ச வேல அது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

மறுநாள் சலவை வேஷ்டி, சந்தனம், பட்டுத் துணி எல்லாம் வழக்கம்போல. கடைத்தெரு வழியாகத்தான் போனார். நிமிர்ந்துதான் போனார். பட்டுத் துணிக்குள் என்ன இருந்தது, என்ன இல்லை என்பது கடைத்தெருவுக்குத் தெரியாது. அந்த வாரமே பூட்டு ரிப்பேர் பாய் வீட்டுக்கு வந்து, பாவாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழகாக ஒரு தகடு போட்டுக் கொடுத்தார். அரை மணிகூட ஆகவில்லை. என் உள்ளங்கை ஆற மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை ரசீதெல்லாம் இடது கையில்தான் எழுதினேன். அதனால் ஸ்டேஷனில் நடந்தது வேறு கதை. அதையும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சம்பந்தம் முறிந்துவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆனால் வியாழக்கிழமை வேதாசலம் ஆள் அனுப்பினார், நாளைக்கு வரலாம் என்று. ஏன் சம்மதித்தீர்கள் என்று பல வருடம் கழித்து அவரிடம் கேட்டேன். "சுளுக்குன்னு ஒரு பொய் சொன்னே, அதுவே சரியா வரல. கீழ போட்டேன்னு இன்னொரு பொய் சொன்னே, அது அக்காவுக்காக. கையெழுத்துல தெரியாதது அதுல தெரிஞ்சிது. அதுக்கப்புறம் எனக்கும் மாப்பிள தேடி ஊர் ஊரா ஏறி எறங்க முட்டி இல்ல" என்றார். இதில் எது நிஜக் காரணம் என்று நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை போனோம். பெண் தனலட்சுமி காபி கொண்டுவந்து வைத்தாள். வலது கையில் கட்டு, ஆகவே இடது கையால் டம்ளரை எடுத்தேன். குடித்து முடித்தேன். கீழே வைக்கவில்லை. எங்கே வைப்பது, எப்போது வைப்பது என்று தெரியவில்லை. எல்லோரும் என் கையையே பார்க்கிற மாதிரி ஒரு பயம். காலி டம்ளரைப் பிடித்தபடியே ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. கதவருகே நின்றிருந்த பெண் தலையைக் குனிந்தபடி மெல்லக் கேட்டாள்:

"ஒட்டிகிச்சா?"

என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். கூடம் முழுக்கச் சிரித்தது. பாவா சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

அதிலிருந்து அந்த வார்த்தை என்னை விடவில்லை. பேப்பரைக் கொஞ்ச நேரம் அதிகமாகப் படித்தால் ஒட்டிகிச்சா. யாரிடமாவது வாசலில் நின்று பேசினால் ஒட்டிகிச்சா. பிள்ளைகள் கேட்டார்கள், மருமகள்கள் வந்த மூன்றாம் நாளே கற்றுக்கொண்டார்கள், இப்போது பேரன் பேத்திகள் கேட்கிறார்கள். கோபித்துக்கொண்ட காலம் உண்டு. பிறகு அதுவும் அலுத்துவிட்டது.

போன வருடம் தனலட்சுமிக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆயிற்று. மயக்கம் தெளிகிறவரை நான் கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் நர்ஸ் வந்து, பார்க்க வந்தவர்களுக்கு நேரம் முடிந்துவிட்டது, கிளம்புங்கள் என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. அவள் இரண்டாவது தடவையும் சொன்னாள். தனலட்சுமி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

"ஒட்டிகிச்சா?" என்றாள். குரலே எழும்பவில்லை.

"ஆங்" என்றேன்.

அவள் நர்ஸ் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அவரு கை லேசுல வராதும்மா" என்றாள். "கொஞ்ச நேரம் ஆவும்."